விதைக்குக் கேட்ட நெல்லை அவித்துக் கொடுத்தார்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பாகம் பிரித்ததில் என் பங்குக்கு வந்த ஒரு ஏக்கரை இத்தனை வருஷமாக அண்ணன்தான் பயிரிடுகிறார். இந்தச் சம்பாவுக்கு நானே விதைப்பது என்று ஆவணி முதல் வாரம் தஞ்சாவூர் கிளம்பினேன். அப்பா வைத்திருந்த ரகம் இப்போது அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. "விதைக்கு ஒரு மூட்டை வேணும்" என்று போனில் தெளிவாகவே சொல்லியிருந்தேன்.

புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஒரத்தநாடு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். இருநூறு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அண்ணன் நேராக ரைஸ்மில்லுக்கு வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறவன். எந்த வெப்ப இயந்திரமும் வாங்கிய வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றாது. ஒரு பங்கை வெளியே விட்டே தீரும். ஆட்டோ விட்ட பங்கு வழியெல்லாம் என் முதுகைச் சுட்டது.

மில்லில் உமியை எரித்து பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் ஒரு மூட்டை நெல் ஆவி பறக்கக் கொட்டிக் கிடந்தது. புழுங்கல் வாசனை.

"ஆறு மாசத்துக்கு உனக்குச் சாப்பாட்டுக்கு ஆகும்டா. அவிக்கிற கூலியை நானே குடுத்துட்டேன்" என்றார் அண்ணன்.

"விதைக்குன்னு சொன்னேனே அண்ணே."

"நீ விதைக்கப் போறியா? வெளையாட்டுக்குச் சொல்றியோன்னு நெனச்சேன்."

ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காய வெச்சு வெதச்சுப் பாருங்க சார். மொளைச்சா எனக்கும் ரெண்டு மரக்கா குடுங்க."

மீதி விதை இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"என் நாத்தங்காலுக்கே பத்தாது. இந்த வருஷமும் ஒன் நெலத்துல நானே போட்டுக்கறேன், விடு."

நெல்லை நனைத்து உடனே காயவைத்தால் ஏறக்குறைய பழைய நெல்லே கிடைக்கும். மீள் நிகழ்வு என்று வகுப்பில் சொல்வதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும் அது. அவிப்பது மீளா நிகழ்வு. பாய்லரை அணைக்கலாம், நெல்லும் பழைய சூட்டுக்கே ஆறிவிடும். உள்ளே செத்த முளை செத்ததுதான். இது அண்ணனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பழசை மறந்துட்டுப் பழையபடி இருப்போம்டா" என்று தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். நெல்லை அங்கேயே விட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறினேன். திரும்பவும் நூற்றைம்பது.

சொந்தக்காரரிடம் விதைநெல் வாங்கப் போகிறவர்கள் போனை நம்பாதீர்கள். அறுவடை முடிந்த கையோடு நேரில் போங்கள். மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகு சாப்பிட உட்காருங்கள்.

தையில் மறுபடி அறுவடை. அப்போதும் அந்த ரகம் அண்ணனிடம்தான் இருக்கும், நான்தான் போய்க் கேட்டாக வேண்டும். இதைப் படித்தால் அவருக்குப் புரிந்துவிடும், புரியட்டும். "நீயாடா எழுதினே?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டும். அதனால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.