தவமலரின் நாற்பது லீற்றர்

எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒன்றுவிட்ட தங்கை தவமலருக்கு அதில் ஒன்றரை வரி ஒதுக்கப்பட்டிருந்தது: காப்புறுதிக் கம்பனியொன்றில் கணக்காளர், வெள்ளவத்தையில் வசிப்பவர், மணமாகாதவர். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் வாக்கியம் அதில் இல்லை. "மலரிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்பதே அந்த வாக்கியம்.

எங்கள் உறவினரிடையே ஒருவர் பயணம் போகிறார் என்றால், அவருடைய பையில் மிஞ்சியிருக்கும் இடம் அவருடையதன்று. அவரைக் கேட்பது ஒரு மரியாதைக்காக மட்டுமே. தவமலர் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறும்போது கண் மருந்தும் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையமும் போகும். திரும்பும்போது பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வரும். அவர் ஒருவருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. தமது மாற்றுடையை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே போய்வந்த பயணங்கள் பல.

ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர், அவருடன் வேலை செய்யும் றமீலா ஒரு மலைநடைக்கு அழைத்தார். ஹப்புத்தளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கூடாகப் பண்டாரவளை வரை மூன்று நாள் நடை, இரவில் கூடாரம். றமீலாவின் நிபந்தனை ஒன்றுதான். "ஒங்கட சாமான ஒங்கட முதுகுல நீங்கதான் சுமக்கணும். வேற ஆள் தூக்கித் தர மாட்டாங்க."

தவமலர் அன்றே பெயர் கொடுத்துவிட்டார். ஏன் என்று பின்னர் விசாரித்தேன்.

"என்ரை சாமான் மட்டும் எவ்வளவு பாரம் எண்டு ஒருக்கால் பார்க்கவேணும் போல கிடந்தது, அண்ணை" என்றார்.

முதுகுப் பை வாங்கக் காலி வீதிக் கடையொன்றுக்குப் போனார். கடையில் சிறியதும் இருந்தது, பெரியதும் இருந்தது. விற்பனையாளர் பெரியதையே பரிந்துரைத்தார். இடம் மிஞ்சினால் நல்லதுதானே என்றார். வாழ்நாள் முழுவதும் இடம் போதாமல் பயணம் செய்த ஒருவருக்கு இந்த வாதம் சரியாகவே பட்டது. அறுபத்தைந்து லீற்றர் பையை வாங்கினார். அதை மாட்டிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து பார்ப்பவருக்குப் பையும் இரண்டு செருப்புகளும் மட்டுமே தெரிந்தன.

அன்று மாலையே கீழ்மாடியிலிருந்து சவுந்தரநாயகம் மாமா பார்க்க வந்தார். அவர் தபால் திணைக்களத்தில் ஓய்வு பெற்றவர். பையைத் திறந்து முழங்கைவரை கையை விட்டார்.

"இதுக்குள்ளை ஒரு ஆளை வைச்சுக் கட்டலாம், பிள்ளை. பண்டாரவளையிலைதானே நடை முடியுது?"

"ஓம், மாமா."

"எங்கடை மிதுனா அங்கைதானே இருக்கிறாள்" என்றார். மிதுனா அவருடைய மகள். மணமாகி அங்கே குடியிருப்பவர்.

மறுநாட் காலை ஒடியல் மாவும், ஒரு போத்தல் நல்லெண்ணெயும், இரும்புத் தோசைக்கல்லொன்றும் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தன. செய்தி பரவ, அடுத்த ஒழுங்கையிலிருந்தும் பார்சல்கள் வந்தன. எல்லாவற்றையும் தவமலர் ஒழுங்காக அடுக்கினார்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு றமீலா ஒரு சோதனை வைத்தார். கட்டிய பையுடன் வெள்ளவத்தையிலிருந்து கடலோர வீதியால் கொள்ளுப்பிட்டிவரை நடந்து திரும்ப வேண்டும். முடியாதவர்களுக்கு மலை இல்லை. பம்பலப்பிட்டிக்கு முன்னரே தவமலர் ஒரு மதிலில் அமர்ந்தார். அமர்ந்தவரால் எழ முடியவில்லை. றமீலா வந்து பையைத் திறந்தார்.

"இது என்ன?"

"தோசைக்கல்லு."

"மலைல தோசை சுடப் போறீங்களா?"

"இல்லை. அது மிதுனாவுக்கு."

"இந்த எண்ணெ?"

"அதுவும் அவவுக்குத்தான்."

"அப்ப ஒங்கட சாமான் எங்க?"

தவமலர் கையிலிருந்த சொப்பிங் பையைக் காட்டினார். றமீலா பெரிய பையை மூடிக் கட்டினார்.

"வார சனிக்கிழம திரும்ப நடந்து காட்டுங்க, மலர். இல்லாட்டி ஒங்களக் கூட்டிட்டுப் போக ஏலாது. கோவிக்க வாணாம்."

மறுநாள் தவமலர் தமது சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். உடுப்பு, படுக்கைப் பை, மூன்று நாள் உணவு அனைத்தையும் கடைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பையாக அடுக்கிப் பார்த்தார். நாற்பது லீற்றர் பை சிரமமின்றி மூடியது. பிறகு அதைத் திறந்து, உள்ளே கையை விடும்படி விற்பனையாளரைக் கேட்டார். அவருடைய கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இதைவிடப் பெரியது எடுத்தால் நல்லது என்று அவர் மீண்டும் சொன்னார். தவமலர் நன்றி கூறி, நாற்பது லீற்றர் பையை வாங்கிக்கொண்டார்.

மாமா அதையும் பார்க்க வந்தார். அவருடைய கையும் உள்ளே போகவில்லை.

"கடைக்காரன் உன்னை ஏமாத்திப்போட்டான்."

"இருக்கும், மாமா. சாமான் எல்லாம் பழைய பாக்கிலை அப்பிடியே கிடக்கு. பாக்கோடை கொண்டு போங்கோ."

இரண்டாவது சோதனையில் தவமலர் கொள்ளுப்பிட்டிவரை போய்த் திரும்பினார். மலைநடையைப் பற்றி எழுத அதிகமில்லை. மழை பெய்தது, அட்டை கடித்தது, தவமலர் இரண்டைப் பற்றியும் முறையிடவில்லை என்று றமீலா சொன்னார். உணவு தீரத் தீரப் பை இளைத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் பண்டாரவளை ரயில் நிலையத்தில் சவுந்தரநாயகம் மாமா நின்றார். தோசைக்கல்லைத் தாமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அறுபத்தைந்து லீற்றர் பை அவருடைய முதுகில் இருந்தது. அதில் கரட்டும் உருளைக்கிழங்கும் நிறைந்திருந்தன. கையில் ஒரு கட்டு லீக்ஸ்.

"மலர், உன்ரை பாக்கிலை இந்த லீக்ஸை மட்டும் வைப்பமே?"

"இடமில்லை, மாமா."

மாமா பையைப் பார்த்தார். அதன் பக்கங்கள் தொய்ந்திருந்தன.

"வத்தின மாதிரியெல்லோ கிடக்கு."

"அது அப்பிடித்தான், மாமா."

பையில் அப்போது பாதியளவு வெறுமையாக இருந்தது என்பதை றமீலா எனக்கு உறுதிப்படுத்தியுள்ளார். கொழும்பு வரும்வரை தவமலர் அதை மடியில் வைத்திருந்தார். எதிர் இருக்கையில் மாமா லீக்ஸை மடியில் வைத்திருந்தார்.