ஓட்டு என் பேரில்

வீடு வாங்கும் யோகம் என் வீட்டுக்காரரின் ஜாதகத்திலேயே இல்லை என்று கும்பகோணத்து ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் வங்காளத்துக்கு வந்து கரியாஹாட் பக்கம் வாங்கிய இரண்டு அறை வீடு என் பேரில் பதிவாயிற்று. வரிச் சீட்டும் என் பேருக்கே வந்தது. சட்டசபைத் தேர்தலில் பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று உத்தரவு வந்தபோது, வரி கட்டுகிறவர்கள் பட்டியலில் நான் இருந்தேன், அவர் இல்லை.

பாவம், அவருக்குத் தேர்தல் என்றால் உயிர். கிடர்பூர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. ஆனால் எங்கள் தொகுதியின் சரித்திரம் தலைகீழ்ப் பாடம். முன்பெல்லாம் முனிசிபல் மெம்பர்களே கூடிப் பேசி ஆளை அனுப்பினார்கள், பிறகு வரி கட்டும் ஆண்களுக்கு ஓட்டு வந்தது, ரயில் பாதைக்கு அப்பால் டாக்குரியா வேறு தொகுதி என்று ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் சொல்லிக்கொண்டே இருப்பார். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவர், "போனாப் போறது. நம்மாத்து ஓட்டு பாரிஸ்டருக்குத்தான். நீ போய்ப் போட்டுட்டு வா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெற்றிலை வாங்கி வரச் சொல்கிறாரா என்ன?

அந்த பாரிஸ்டர் ஒருநாள் ஓட்டுக் கேட்க வந்தார். கதவைத் திறந்தேன். என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "பாபு இல்லையா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். எதிர்த்து நின்ற டாக்டர் மறுநாள் வந்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டர் நீங்கள்தானே, மா?" என்று வங்காளத்தில் கேட்டுக் கைகூப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

தேர்தல் அன்று வீட்டுக்காரர் குதிரை வண்டி வைத்துக் கூட்டிப்போனார். வழியெல்லாம், "ரெண்டாவது பேர். மறந்துடாதே" என்று ஒரே பாட்டு. பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் அவரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு எனக்கு வழிவிட்டார். உள்ளே பெண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, இன்றைக்கு மீன் குழம்பு கிடையாது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். என் முறை வந்தது. பென்சிலை எடுத்தேன். டாக்டர் பேருக்கு நேராகக் கோணல்மாணலாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். தனியாக நின்றுகொண்டு நானே சிரித்தேன்; அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

ஜெயித்தது பாரிஸ்டர்தான். சட்டி நிறைய ரசகுல்லாவோடு ஓடிவந்தார் இவர். "நம்ம ஓட்டு வீண் போகலை பார்த்தியா?"

வாயை மூடிக்கொண்டு இரண்டு தின்றிருக்கலாம். முடியவில்லை.

"ஏன்னா, நான் அவருக்குப் போடலை."

சட்டியோடு அப்படியே நின்றார். முகம் சிவந்தது.

"ஏன்?"

"அவர் உங்களைத்தான் கேட்டார். என்னைக் கேக்கலை. நீங்களும் கேக்கலை."

சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தட்டினார். திறந்தேன். கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"ஓட்டர் அம்மா இருக்காளா? அடுத்த தேர்தலுக்கு இப்பவே கேட்டு வைக்கலாம்னு வந்தேன்."

"யோசிச்சுச் சொல்றேன், உள்ளே வாங்கோ" என்றேன்.