இடப்பக்கம் காலியாக இருக்கும் தாள்

என் பீரோவில் ஒரு தாள் இருக்கிறது. பழைய ஷிப்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, வேட்டைக்கான நான்கு ரைபிள்களையும் அவற்றின் தோட்டாக்களையும் ஒப்பிட்டு எழுதியது. குண்டின் எடை, தோளில் விழும் உதை, எந்த மிருகம் வரை தாங்கும், தோட்டா எளிதில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அடியில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் குறுக்கே ஒரு சாய்கோடு. அதன் கீழே வலப்பக்கம் ஃபோர்மேனின் கையெழுத்து. இடப்பக்கம் காலி.

அவர் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவின் ஃபோர்மேன். நான் அதே சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கில் கிளார்க். குவார்ட்டர்ஸிலும் அடுத்தடுத்த வீடு. தினமும் வெடிமருந்தை நான் எண்ணிக் கொடுப்பேன், அவர் எண்ணி வாங்குவார். ரிஜிஸ்டரில் கடைசி வரிக்குக் கீழே யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி வெற்றிடத்தை ஒரு சாய்கோட்டால் அடிப்பேன். பிறகு இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர் கையெழுத்து. பதினோரு வருடம் இப்படியே போனது. இந்த வேலையில் இருப்பவனுக்குச் சந்தேகம்தான் சம்பளம். ஒரு டெட்டனேட்டர் குறைந்தால் பெற்ற தாயையும் சோதனை போடச் சொல்வேன்.

அவரிடம் இரவல் வாங்கிய செய்தித்தாளுக்குள்ளிருந்துதான் இந்தத் தாள் முதன்முதலில் என் காலடியில் விழுந்தது. பல்லியை விரட்டக்கூட மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் அவர். அவருக்கு எதற்கு ரைபிள்? மதில் ஓரமாக நின்று தாளை நீட்டினேன்.

"என்ன சார், வேட்டைக்குக் கிளம்பிட்டீங்களா?"

முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார். "சும்மா படிச்சதுதான் தம்பி. மான்லேருந்து எருமை வரைக்கும் ஒரே ஒரு துப்பாக்கின்னா எதை எடுக்கறதுன்னு ஒரு யோசனை."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் வாயை மூடத் தெரியாது. "இந்த .458 யானையையே நிறுத்துமாம். ஆனா அது ஒதைக்கிற ஒதைக்குப் பயந்து சுடறவங்க கண்ணை மூடிக்குவாங்க. கண்ணை மூடிக்கினு சுட்டா எவ்ளோ பெரிய குண்டு இருந்து என்னா பண்றது? .30-06 மானுக்குப் போதும், எருமை கிட்ட வந்துட்டா பத்தாது. நம்ம ஊர் .315 காட்டுப் பன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அங்க தோட்டா கிடைக்காது."

"அங்கன்னா எங்க சார்?"

"கடையிலதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று பிடித்தது எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கம்மாபுரம் பக்கம் வண்டியை விடுவது ஏன்? கேட்டால் நண்பர் வீடு என்பார். விசாரித்தேன். நண்பர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர். அந்தப் பக்கத்து வயல்களில் இரைக்குள் நாட்டு வெடியை மறைத்து, அவுட்டுக்காய் வைத்துக் காட்டுப் பன்றியைக் கொல்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். அந்த வெடிக்கு மருந்து எங்கிருந்து போகிறது? தாளில் இன்னொரு குறிப்பும் பார்த்திருந்தேன். 'துப்பாக்கிக் கட்டையின் நீளத்தைப் பதின்மூன்று அங்குலமாகக் குறைக்க வேண்டும்.' ஆறடி மனிதருக்கு எதற்குக் குட்டைத் துப்பாக்கி? சாக்கில் மறைக்கத்தான் என்று முடிவு கட்டினேன். என் இருப்பில் ஒரு டெட்டனேட்டர்கூடக் குறையவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

எங்கள் நகரியத்தில் இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. மொட்டைக் கடிதம். அவர் வெடிமருந்தை வெளியே விடுகிறார் என்று, கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். வேறு பிளாக்கின் தபால் பெட்டியில் போட்டேன். மூன்றாவது வாரம் அவரை வெடி வேலையிலிருந்து விலக்கி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கேதான் அவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய ஒரே மகள் நிலவியல் படித்தவள். ஆப்பிரிக்காவில் காட்டுக்குள் கனிமம் தேடும் முகாமில் வேலை. அனுமதிச்சீட்டோடு முகாமின் சமையலுக்கு மான் சுடவும், எருமையோ சிங்கமோ வந்தால் தப்பிக்கவும் அவளுக்கு ஒரே ஒரு ரைபிள்தான் சுமக்க முடியும். எது என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். துப்பாக்கியைத் தொட்டேயறியாத அப்பா, ராணுவ நண்பரிடம் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறார். ஞாயிறுதோறும் அங்கிருந்துதான் மகளோடு வீடியோவில் பேச்சு. பதின்மூன்று அங்குலம், துப்பாக்கியின் அடிக்கட்டை அவளுடைய தோளுக்குப் பொருந்தும் அளவு. வீட்டில் பேச முடியாது. மகள் சென்னையில் ஏதோ ஆபீஸில் இருக்கிறாள் என்றே அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தார்.

விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று முடித்தார்கள். ஆனால் விசாரணையறையில் சொன்னது பிளாக்கைச் சுற்றி வர எத்தனை நேரம் ஆகும்? அன்று மாலையே அவர் மனைவி, அந்த அக்கா, வாசலில் உட்கார்ந்துவிட்டார். "எம் பொண்ணைச் சிங்கத்துக்கு நடுவுல வுட்டுட்டு எங்கிட்ட சிரிச்சிகினு இருந்தியேய்யா" என்று அவர் அழுதது என் சமையலறை வரை கேட்டது. அந்த அக்கா நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

அவர் ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குப் போகும் நாளில், லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தத் தாளை மடித்து என் கையில் வைத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. இனிமே எங்களுக்கு இதுல வேலை இல்ல." கோபமில்லாத குரல். மகள் அப்போது அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்தாள். "வரேங்க அங்கிள்" என்றாள்.

வீட்டுக்குள் வந்து பிரித்தேன். நான்காவதான .375ஐ வட்டமிட்டிருந்தார். அதுதான் அவருடைய முடிவு. கீழே, முன்பு இல்லாத அந்தச் சாய்கோடு. அதைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினேன். மொட்டைக் கடிதத்தை விசாரணையில் அவருக்குக் காட்டியிருப்பார்கள். கையை மாற்றினேனே தவிர, அந்தக் கடிதத்திலும் கடைசி வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பழக்க தோஷத்தில் குறுக்கே அடித்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பதினோரு வருடம் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் நான் கிடங்கில்தான் இருக்கிறேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவருக்கும் தெரியுமோ என்று தோன்றுகிறது. மகள் வடக்குத்தில் டியூஷன் எடுக்கிறாள். சந்தையில் பார்த்தால் நான் வேறு வரிசைக்குப் போய்விடுகிறேன். சில நாட்களில் பீரோவைத் திறந்து தாளை மேஜைமேல் விரித்து, பேனாவையும் எடுத்துவிடுகிறேன். அவர் தன் பக்கம் போட்டுவிட்டார். என் பக்கம் இன்னும் போடவில்லை.