குபெர்டினோவில் நாடி பார்த்த சீன டாக்டரம்மா

அமெரிக்காவில் ஒரு சீன மூலிகைக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். வேரும் பட்டையும் மணக்கின்றன. தூக்கம் வராமல் தவிக்கும் என் மருமகள் சுமதிக்குத் துணையாக வந்திருக்கிறேன்.

சீன டாக்டரம்மா அவள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடுகிறார். நான் சும்மா இருப்பேனா? மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்த கதையை எடுத்துவிடுகிறேன்.

"மாமா, நாடி குதிக்குதாம். பேசறது யாருன்னு கேக்கறாங்க," என்கிறாள் சுமதி.

"உன் மாமனார்னு சொல்லு கண்ணு. பட்டறையையும் சேத்துச் சொல்லு."

டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொல்கிறார். சுமதி தலையைக் குனிந்துகொள்கிறாள்.

"முழுங்கின கோபமெல்லாம் ஈரல்ல தங்கிடுமாம். அதான் தூக்கம் வரலையாம். வாய்விட்டுச் சொல்லிடணுமாம்."

"சொல்லிடு! யார் மேல கோபம்? நான் கேக்கறேன் அவனை. பட்டறையில எத்தனை பேரை நான்..."

"மாமா! அந்தப் பட்டறைக் கதையைக் கொஞ்சம் நிறுத்துங்க!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் எதிரே குரல் உயர்த்தாத பெண். கடையே திரும்பிப் பார்க்கிறது. டாக்டரம்மா விரலை எடுக்காமலே சிரித்துத் தலையாட்டுகிறார், நாடி அடங்கிவிட்டதாம்.

எனக்கென்ன ரோஷம்? ஒரு வேர்கூட இன்னும் கொதிக்கவில்லை, அதற்குள் பாதி குணம். டாக்டரம்மாவுக்குக் கைராசி என்றால் எனக்கு வாய்ராசி.