வீட்டு வண்டியில் ஏற்றிய தையல் மெஷின்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். பயத்தால் இல்லை, அதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. நாங்கள் பிழைக்க வந்த வடக்கத்தி ஊரான தாபோடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தைப் பற்றிப் பெண்கள் ஆயிரம் சொல்வார்கள். அந்த மரத்தடியில் முப்பது வருஷம் புளி பொறுக்கியவள் நான், ஒரு நாளும் எதுவும் வந்து என் கையைப் பிடித்ததில்லை. இப்போது சொல்வதையும் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. ராத்திரியில்கூட நடக்கவில்லை, காலை ஒன்பது மணிக்கு, சுள்ளென்று அடிக்கிற வெயிலில் நடந்தது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவந்ததே ஆறு வருஷம் கழித்துத்தான்.

என் வீட்டுக்காரர் தாபோடியில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பீரங்கியை, தண்ணீர் டேங்கரை லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கொக்கி வேலைதான் அவருக்கு ஆயுசு முழுக்க. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு ஒரு கஷ்டம் வந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது, சிறுநீரை அடக்க முடியாது. அதனால் பஸ், ரயில் எல்லாம் நின்றுபோயிற்று. ஊரில், குடியாத்தத்தில், என் தங்கை மல்லிகாவின் புருஷன் செத்ததற்குக்கூட நான் போகவில்லை. ஏழு வருஷம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைவிட எட்டு வயது சின்னவள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

இவர் ஒன்றும் சொல்லமாட்டார். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார், பெரிதும் இல்லை சின்னதும் இல்லை, நடுத்தரம். இரண்டு மாதம் கழித்து, ரோடு போட்டு முடித்த ஒரு கான்ட்ராக்டர் ஏலத்தில் விட்ட வீட்டு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். சைட்டில் ஆட்கள் தங்குவதற்கு வைத்திருப்பார்களே, இரண்டு சக்கரம், தகரச் சுவர், இரண்டு ஜன்னல், அது. உள்ளே முன்பக்கம் படுக்கை, நடுவில் ஸ்டவ், பின்கோடியில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் கக்கூஸ் கட்டினார். அக்கம்பக்கத்து ஆட்கள், இது எதற்கு என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"எனக்கு சுகர்யா. அரை மணிக்கு ஒருதபா போவணும்," என்றார்.

அவருக்குச் சர்க்கரையும் இல்லை ஒன்றும் இல்லை. நான் உள்ளே போய் அரிசி புடைத்தேன். அன்றைக்குப் புடைத்த அரிசியில் கல் எது அரிசி எது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டியை இழுப்பதற்குத் தயார் செய்ய அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. பிக்கப்பின் அடியில் புது இரும்பு வைத்து அடித்தார். கொக்கிக்குப் பந்து மாதிரி ஒரு உருண்டை. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வில்லில், கனம் தாங்க, ஒரு பட்டை கூடச் சேர்த்தார். இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டார், கொக்கி கழன்றாலும் வண்டியின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும் என்று. பின்னால் விளக்கு எரிய ஒயர் இழுத்தார். இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரி நீளமான கண்ணாடி வைத்தார்.

"லெஃப்ட்டு கண்ணாடி உன் டூட்டி. நான் ரோட்டைப் பாப்பேன், நீ வாலைப் பாரு. வால் ஆடிச்சின்னா சொல்லு."

"ஆடினா?"

"பிரேக் மேல கால வெக்கக் கூடாது. வேகத்த மெதுவா விடணும். ரொம்ப ஆடிச்சின்னா பின்னால இருக்கிறது முன்னால இருக்கிறத இழுத்துக்கினு பள்ளத்துல போய்டும். நம்மளும் சேந்து."

ஆடாமல் இருக்க என்ன வழி என்றும் சொன்னார். மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, மூக்கு கொக்கியில் அழுந்தவேண்டும். கனமான சாமான் எல்லாம் சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்கவேண்டும், பின்கோடியில் ஏற்றினால் மூக்கு லேசாகிவிடும், வால் ஆட ஆரம்பிக்கும். ஆள் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, செங்கல் அடுக்கி, மூக்கை அதன்மேல் இறக்கிப் பார்த்தார். முள் எழுபத்தைந்தில் நின்றது. "பராபர், கரீக்டா கீது," என்றார். கிளம்புவதற்கு முந்தின நாள் அது. இனிமேல் ஒரு டம்ளர் வைப்பதென்றாலும் தன்னைக் கேட்டுவிட்டு வைக்கச் சொன்னார்.

நான் கேட்காமல் வைத்தேன்.

என் தையல் மெஷினை மல்லிகாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு. புருஷன் போன பிறகு அவளுக்கு ஒரு வழியும் இல்லை, தையல் தெரியும், மெஷின் இல்லை. ஆனால் அது இவர் எனக்குக் கல்யாணமான புதிதில் ஓவர்டைம் பார்த்து வாங்கிக்கொடுத்தது. அதைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுக்கிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் டீசல் போடப் போனபோது மெஷினைத் தனியாக, பலகையைத் தனியாக, இரும்புக் காலைத் தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய், அவர் கண்ணில் படாத இடம் எது, கக்கூஸ்தானே, அங்கே வைத்துக் கதவைச் சாத்தினேன். கூடவே பத்துக் கிலோ வேர்க்கடலை, அந்தப் பக்கம் விளைகிற இந்திராயணி அரிசி ஒரு மூட்டை. வண்டிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சேஃப்டி பின்னில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மூக்கு, வால் எல்லாம் அப்போது எனக்கு ஞாபகமே இல்லை.

விடிவதற்குள் கிளம்பினோம். காத்ரஜ் தாண்டியதும் ரோடு நன்றாக இருந்தது, இவரும் கொஞ்சம் வேகமாக விட்டார். ஷிர்வல் பக்கம் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அப்போது என் கண்ணாடியில் வீட்டு வண்டி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மாடு வாலால் ஈ ஓட்டுகிற மாதிரி.

"ஆடுதுங்க."

அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினார், கை ஸ்டியரிங்கை அப்படியே பிடித்திருந்தது. நாலைந்து தடவை ஆடி, நின்றது. அவர் நெற்றியில் வேர்வை. கக்கூஸில் இருக்கிற மெஷின் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

கம்பாட்கி மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். கொக்கி, கொக்கி ஆணி, சங்கிலி, டயர் காற்று எல்லாம் பார்த்தார். பிறகு சாக்கு விரித்து வீட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

"எல்லாம் பராபராத்தான் இருக்குது. எடையும் பாத்துட்டேன். அப்புறம் இன்னாத்துக்கு ஆட்டுது?" என்று அடியிலிருந்தே கேட்டார். என்னைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்டார்.

நான் டீக்கடைக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ஒரு தண்ணீர் டிரம். முகம் கழுவுகிற மாதிரி குனிந்து அழுதேன். மேலே ஏறி இறங்குகிற பாதை ஓரம் முழுக்கக் கிடுகிடு பள்ளம், இந்த மனிதர் எனக்காக ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றியிருக்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு அவரைக் கொல்லப்போகிறேன். டீக்கடைக்காரி வந்து பார்த்து, "காய் ஜாலா, தாயி?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்கு இன்னும் அழுகை வந்தது. அவள் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பத்து, பதினைந்து நிமிஷம் இருக்கும். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்து போனேன்.

போனால், இவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது, மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்லணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். ஏறு."

"இல்லங்க, கக்கூசுல..."

"தெரியும்ன்றேன்ல. சரியாயிடுச்சி. ஏறுமே."

எனக்கு என்ன தோன்றியிருக்கும் சொல்லுங்கள். இவர் வண்டியைத் திறந்து மெஷினைப் பார்த்துவிட்டார், இடம் மாற்றி வைத்துவிட்டார், என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று பேச்சை முடிக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மலை ஏறினோம், இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி எங்கள் பின்னால் வந்தது. கீழே இறங்கியதும் எனக்கு அவசரம். வண்டியை ஓரம் கட்டினார், நான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். பூட்டு நான் போட்டபடியே இருந்தது. கக்கூஸ் காலி. அரிசி, கடலை இரண்டும் முன்படுக்கைக்கு அடியில். இரும்புக் காலும் பலகையும் அதற்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தன. மெஷின் ஒரு பச்சைப் புடவையில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி, தரையில் இருந்த இரும்பு வளையத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒன்பது கஜப் புடவை, இந்த ஊர்ப் பெண்கள் கச்சம் வைத்துக் கட்டுவது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது, கொஞ்சம் அடுப்புப் புகை வாசனை. டீக்கடைக்காரியிடம் பழம்புடவை கேட்டு வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் இன்னொரு சாவி இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குடியாத்தம் போய்ச் சேர்ந்தோம். மல்லிகா என்னைப் பார்த்து அழுதாள், நான் அவளைப் பார்த்து அழுதேன், அதெல்லாம் எழுதினால் தீராது. இவரே வண்டிக்குள் போய்க் கட்டை அவிழ்த்தார். "கட்டு நல்லா விழுந்துக்குது," என்று சொல்லிக்கொண்டே மெஷினைத் தோளில் தூக்கிவந்து மல்லிகா வீட்டில் இறக்கிவைத்தார். தான் போட்ட கட்டைத் தானே மெச்சிக்கொள்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். புடவை யாருடையது என்று மல்லிகா கேட்டாள். உங்க மாமா எங்கியோ வாங்கினது என்றேன். மெஷினைப் பற்றி நானும் இவரும் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. நான் வெட்கத்தால் பேசவில்லை. அவரும் என் வெட்கத்துக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நாலு தடவை அந்த வண்டியில் ஊருக்குப் போய்வந்தோம். ஒரு தடவைகூட அது வாலாட்டவில்லை.

ஆறு வருஷம் கழித்து அவருக்கு நெஞ்சில் கோளாறு வந்து படுத்தார். ஒரு சாயங்காலம் தலையணைக்குச் சாய்ந்துகொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"கம்பாட்கில, கொஞ்ச நேரத்துல அவ்ளோ கனத்தையும் எப்டிமே முன்னால நவுத்துன? நான் அடியில படுத்துக்கினு கேட்டுக்கினே இருந்தேன். தலைக்கு மேல தடதடன்னு நடக்குற, இரும்ப இழுக்குற. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு, இவ எத்தையோ பின்னால ஏத்திக்கீறான்னு."

"நீங்கதான எடுத்து வெச்சீங்க?"

"நானா? சாவி ஒண்ணே ஒண்ணு, உன் இடுப்புல. வாங்குறப்பவே அதுக்கு இன்னொரு சாவி கெடையாது."

நான் டீக்கடைக்குப் பின்னால் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கூரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வெளிய வந்து எட்டிப் பாக்குறேன், ஜன்னல் துணிய விலக்கிக்கினு நிக்கிற. பச்சப் பொடவ கட்டிக்கினு. எப்ப மாத்துன, அது ஒரு கூத்து. என்னிய நேரா பாத்து, எல்லாம் ஆச்சு, போன்னு கைய ஆட்டிட்டு, வாய் நெறயச் சிரிச்ச பாரு. ரோட்டுல, நாலு பேர் முன்னால. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்னிய ஒருதபா அப்டிப் பாத்துச் சிரிச்சிருப்பியா நீ? எனக்கு அது போதும்னு ஆயிடுச்சு."

அந்த மனிதர் ஆறு வருஷமாக மனதில் வைத்துக்கொண்டிருந்த சிரிப்பு அது. அதை எப்படிப் பிடுங்குவேன்.

அப்போதும் அவர் விடவில்லை. தன் மேலுதட்டில் இடது பக்கம் விரலை வைத்துக் காட்டினார்.

"அன்னிக்கிதான் பாத்தேன், உனுக்கு இங்க ஒரு தெத்துப்பல்லு. முப்பத்தஞ்சு வருஷம் வாய மூடியே சிரிச்சு அத மறச்சிட்ட."

எனக்குத் தெற்றுப்பல் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் எட்டு மாதம் இருந்தார். என்னென்னவோ சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். நான் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.