இருபத்து மூன்றாவது ஆட்டக்காரன்

கம்ப்யூட்டரை என் கல்லூரிப் படிப்புக்காகத்தான் அத்தா வாங்கிக் கொடுத்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் பைக்கிலிருந்து விழுந்த அந்த மழைக்காலத்தில் அது முழுக்க அவனுடையதாகிவிட்டது. பெருங்களத்தூர் தாண்டி ஒரு வேன் திடீரென்று திரும்ப, இவன் பிரேக் போட, வண்டி சறுக்கி இடது காலின் மேலேயே விழுந்தது. எலும்பு தப்பித்தது. முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது.

அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பள்ளி நாளிலிருந்து தாம்பரம் ரயில்வே மைதானத்தில் ஃபுட்பால் ஆடியவன். லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் நின்று தடுக்கிற இடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கான தேர்வுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது விபத்து. அடுத்த வருடமும் தேர்வு வரும், அதற்குள் கால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் டீம் கேப்டன் ஒரு மெக்கானிக். அவர்தான் ஒரு கேம் சிடியைக் கொண்டுவந்தார்.

"இன்னா மச்சான், கால் எப்டி கீது? சும்மா படுத்துகினு இருந்தா பேஜாராயிடும். இத்த ஆடு."

அது ஃபுட்பால் ஆட்டம்தான், ஆனால் பந்தை நாம் உதைப்பதில்லை. ஒரு கிளப்புக்கு மேனேஜராகப் பொறுப்பேற்று, யாரை ஆட வைப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணன் பெரிய கிளப் எதையும் எடுக்கவில்லை. பட்டியலில் கடைசியில் கிடந்த ஓர் இங்கிலாந்துக் கிளப்பை எடுத்தான். அந்த ஊர்ப் பெயரை எங்கள் இருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

காலை மடக்க முடியாது என்பதால் மேஜை முன்னால் அவனால் உட்கார முடியாது. ஹாலில் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டான். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படிப்பேன். அவன் நோட்டில் எழுதுவான். ஒரு மேட்ச்கூட ஆடாமல் நான்கு நாள் இதே வேலை.

"அடுத்து?"

"ஸ்டாப்பர். வயசு முப்பத்தி மூணு. ஹெட்டிங் பதினாறு. வேகம் ஆறு."

"நடுவுல தடுக்க நிக்கறவனுக்கு இருபதுக்கு ஆறா? பக்கத்துல இன்னொருத்தன் வேகமா இருந்தாத்தான் இவன் தேறுவான். 'பாக்கலாம்'ல போடறேன்."

நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தான்: வெச்சுக்கலாம், பாக்கலாம், வேணாம். கோல்கீப்பர் முதல் கட்டத்தில் போனான். நடுவில் ஆடுகிற ஒருவனை, பாஸ் நன்றாகக் கொடுத்தாலும் உழைப்பு இல்லை என்று மூன்றாவதில் தள்ளினான். படுத்த இடத்திலிருந்தே அந்த கிளப் ஏன் தோற்கிறது என்று எனக்கு விளக்கினான். இடது பக்கம் காலியாக இருக்கிறது, எதிராளி எல்லாரும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள் என்றான். விபத்துக்குப் பிறகு அவன் குரலில் அந்தத் தெம்பை அன்றுதான் கேட்டேன்.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின வாரம் டாக்டர் அத்தாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டிருந்தார். ஆபரேஷன் செய்தால் நடப்பான், மாடிப்படி ஏறுவான், வண்டி ஓட்டுவான். போட்டி ஆட்டம் மட்டும் இனி வேண்டாம், அந்த முழங்கால் தாங்காது என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "இப்ப சொல்ல வேணாம்மா. மனசு விட்டுடுவான்." நானும் சரி என்றேன்.

ஐந்தாம் நாள் மாலை, பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயரைத் திறந்தேன். லெஃப்ட் பேக். வயது இருபத்து நான்கு. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி. முழங்கால் தசைநார் காயம், திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும் என்று எழுதியிருந்தது. என் கை தானாக அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அதைக் கடகடவென்று படித்து முடித்தேன்.

அண்ணன் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பென்சிலால் எண்ணினான்.

"மொத்தம் இருபத்தி மூணு பேர்னு சொன்ன. இருபத்தி ரெண்டுதான் இருக்கு."

"தப்பா எண்ணியிருப்பேன்."

"லெஃப்ட்ல ஒருத்தன்கூட இல்லாம எந்த கிளப்பும் இருக்காது. யாரை விட்ட? படி."

படித்தேன். வேகம் பதினைந்து என்றேன். காயத்தையும் ஒன்பது மாதத்தையும் சொன்னேன்.

"இவனை ஏன் மறைச்ச?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கம்ப்யூட்டர்ல எவனுக்கோ அடிபட்டா எனக்கு ஏன் கஷ்டம்? ஒன்பது மாசத்துல வந்துடுவான்னுதானே போட்டிருக்கு?" நோட்டை மூடினான். "டாக்டர் உங்களை உள்ள கூப்பிட்டு என்ன சொன்னார்?"

சமையலறையில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது.

"சொல்லு."

சொன்னேன். டாக்டர் சொன்ன அதே வார்த்தைகளில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தது நான்தான். அவன் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றான், கால் விடவில்லை. கையை எடுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டான்.

அத்தா கடையிலிருந்து வந்ததும் சண்டை வந்தது. அவரை எதிர்த்து அவன் அதுவரை பேசியதே இல்லை.

"எட்டு நாளா டீமுக்கு போன் பண்ணி, என் இடத்தை யாருக்கும் தராதீங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்பா."

"அதை நான்தானே முடிவு பண்ணணும்?"

அத்தா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவைக் கூப்பிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வந்தார். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"டீம்லேர்ந்து என்னை எடுத்துடு. அனகாபுத்தூர்லேர்ந்து ஒருத்தன் வர்றானே, அவனை லெஃப்ட்ல போடு. வலது கால் ஆளுதான், ஆனா பந்து நம்ம பக்கம் வந்தா தடுக்கத் திரும்பி ஓடுவான். முதல் ரெண்டு மேட்ச் திட்டாத."

கேப்டன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நீ வந்து சொல்லிக் குடு மச்சான்" என்றார். "பாக்கலாம்" என்றான் அண்ணன். அவர் போன பிறகு என்னை அழைத்து கம்ப்யூட்டரைப் போடச் சொன்னான். அந்த இருபத்து நான்கு வயது லெஃப்ட் பேக்கை அனுப்பிவிடச் சொன்னான்.

"வெச்சுக்கலாமே, அண்ணா. ஒன்பது மாசம்தானே."

"கிளப் கடைசில கிடக்குது. எனக்கு இப்பவே ஆடறவன் வேணும். அழுத்து."

அழுத்தினேன். அவன் வேறொரு பெயரை எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு சில வாரம் ஆடினோம். கிளப் கீழேயேதான் இருந்தது. ஆபரேஷன் நாள் வந்ததும் விட்டுவிட்டோம்.

அதற்கு முன்பே, அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அண்ணன் அத்தாவை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனான். எல்லாக் கேள்வியையும் அவனே கேட்டான். இப்போது அவன் கூடுவாஞ்சேரியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். குளிர்காலத்தில் லேசாகக் காலைச் சாய்த்து நடப்பான். மைதானத்துக்கு ஒரு முறைகூட அவன் திரும்பப் போகவில்லை. அவன் கேட்டிருக்காவிட்டால் நானாக என்றைக்காவது சொல்லியிருப்பேனா என்று சில சமயம் யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதை இன்னும் அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.