எரிமலைத் தீவிலிருந்து வந்த கடிதங்கள்

அந்தக் கடிதங்களில் கிராம்பு மணக்கும். ஜாவாத் தீவில் கிராம்பு கலந்த சிகரெட்டைத்தான் புகைப்பார்களாம்; சித்தப்பாவும் அங்கே போய் அதற்குப் பழகிவிட்டதால், அவர் மேசையில் கிடந்துவிட்டு எங்கள் அன்னூர் வீட்டுக்கு வந்து சேரும் நீல உறையைப் பிரித்ததுமே அந்த வாசம் எழும். அம்மா அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா பஸ் கண்டக்டர், வீட்டில் இருக்கும் நேரமே குறைவு. ஆகவே கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பன்னிரண்டு வயது.

எழுதுகிறவள் சுகுணா, என் சித்தி மகள், என்னைவிட நான்கு மாதம் இளையவள். சித்தியும் சித்தப்பாவும் கோவையில் நூல் மில் வேலைக்கு மாற்றி மாற்றி "ஷிப்ட்டு" போனதால், அவளை மூன்று வயதிலேயே எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். ஏழு வருடம் அவள் என் பாயில் படுத்தாள், என் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆவி பறக்கும் முதல் இட்லி யார் தட்டில் விழுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது பெரும்பாலும் அவள் தட்டில்தான் விழும். "தாயைப் பிரிஞ்சு இருக்கற புள்ளை, நீ கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு" என்பாள் அம்மா. நான் பொறுத்துக்கொள்ளவில்லை. ஜாவாவில் புதிதாகத் தொடங்கிய மில்லில் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்து மூவரும் கிளம்பியபோது, கார் போன திசையைப் பார்த்து அம்மா அழுதுகொண்டு நின்றாள். நான் உள்ளே ஓடிப்போய்ப் பாயின் நடுவில் கைகாலை விரித்துப் படுத்துப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் முதல் கடிதம்வரைதான். அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் எரிமலை இருந்தது. நாம் வாசலில் நின்று மேகத்தைப் பார்ப்பதுபோல அங்கே காலையில் எழுந்ததும் மலையைப் பார்ப்பார்களாம்; புகை தங்கள் பக்கம் சாய்ந்தால் கொடியில் காயும் துணியை எடுத்துவிட வேண்டும், சோற்றுப் பானையை ஈரத்துணியால் மூட வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு மூக்கில் கர்ச்சீப் கட்டிக் குடை பிடித்துப் போக வேண்டும். சாம்பல் அதிகமாக விழுந்தால் பள்ளிக்கு விடுமுறை. மழை வருவதற்குள் ஆண்கள் கூரையேறிச் சாம்பலைக் கூட்டித் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் நனைந்து கனத்து ஓடு உடைந்துவிடும். இத்தனைக்கும் அந்த மலைச் சரிவிலேயே முட்டைக்கோஸ் நட்டு, மூட்டை மூட்டையாக இறக்குகிறார்களாம்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரிலிருந்தும் வானம் தெளிந்த நாளில் மேற்கே மலை தெரியும். அது ஒருநாளும் புகைந்ததில்லை, ஒருநாளும் எனக்கு விடுமுறை வாங்கித் தந்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாலையில் வந்து, "ஏனுங்கக்கா, உங்க தங்கச்சி புள்ளை லெட்டரு வந்துச்சாமா? மலை இப்ப எப்படி இருக்குதாமா?" என்று உடல்நலம் விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. என் மார்க்கு அட்டைக்குக்கூட அந்த முகத்தை நான் கண்டதில்லை.

அதனால் வரிகளை விழுங்க ஆரம்பித்தேன். மலையைப் பற்றியதை எல்லாம் படிப்பேன். "பெரிம்மா, உங்க ஞாபகமாவே இருக்கு" என்று வரும் இடங்களைத் தாண்டிவிடுவேன். ஏமாற்றுகிறோமே என்ற கூச்சம் இரண்டு கடிதத்தில் போய்விட்டது. "மலையப் பாத்ததும் என்னைய மறந்துபோட்டா பாரு" என்று அம்மா ஒருநாள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஒருமுறை, சித்தப்பாவின் மில்லிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் கடிதத்தோடு ஒரு சின்ன பிலிம் ரோல் டப்பாவையும் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவசரமாகப் போய்விட்டார். டப்பாவுக்குள் மாவுபோலச் சாம்பல். கடிதத்தில் சுகுணா எழுதியிருந்தாள்: எங்கள் கூரையில் விழுந்த சாம்பல் இது, பித்தளைப் பாத்திரம் தேய்த்துப் பாருங்கள், பளபளக்கும். அதற்குக் கீழே வேறு பேனாவில், அவசரமான எழுத்தில்: "பெரிம்மா, இங்கே தரை அடிக்கடி ஆடுது. எனக்குப் பயமா இருக்கு. நான் நம்ம ஊட்டுக்கே வந்துரட்டுமா? நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. கலா பாயில ஒரு ஓரமாப் படுத்துக்குவேன்."

அந்த வரிகளை நான் படிக்கவில்லை. பாத்திரம் தேய்ப்பதையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

"இது என்னதுன்னு எழுதலியா?"

"ஒண்ணும் எழுதலம்மா."

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். "நெருப்பக் கக்கற மலைன்னா சாமிதான? மலைச்சாமி துண்ணூறாட்ட இருக்குது" என்று நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு, "எப்ப வேணும்னாலும் வந்துரு சாமின்னு அவளுக்கு எழுது" என்றாள். நான் "இங்கு அனைவரும் நலம். மழை இல்லை" என்று எழுதி ஒட்டினேன்.

அன்றுமுதல் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா அந்தச் சாம்பலை என் நெற்றியில் இழுத்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத மணல் அதில் இருந்தது. நெற்றி நறநறவென்று எரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மலை வெடித்ததாக ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். மூன்று வாரம் கடிதம் இல்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். சுகுணா செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான்காவது வாரம் கடிதம் வந்தது: ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள், எல்லோரும் நலம், கூரைதான் போய்விட்டது. வருகிறேன் என்ற பேச்சே அதில் இல்லை. அதற்குப் பிறகு எப்போதும் இல்லை. கடிதங்கள் சுருங்கி, நான் விழுங்குவதற்கு வரியே இல்லாமல் போயிற்று.

சுகுணா இப்போது பெருந்துறையில் இருக்கிறாள். மில் வேலை முடிந்து அவர்கள் திரும்பிவந்தே வெகுகாலம் ஆகிறது. நீல உறையும் இல்லை, ஒருவர் படிக்க ஒரு தெருவே உட்கார்ந்து கேட்பதும் இல்லை; அந்த மலை புகைவதை என் மகள் கைபேசியில் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறாள். போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். இழவு வீட்டில் என்னைவிட சுகுணாதான் அதிகம் அழுதாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு, இருவரும் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதம் அம்மாவின் காதுக்குப் போகவே இல்லை, அம்மா உன்னை வரச்சொன்னாள், நான்தான் எழுதவில்லை என்று.

அவள் கையிலிருந்த குண்டாவைத் துடைத்து முடித்தாள்.

"பெரிம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா கலா? ஏழு வருசம் இந்த ஊட்லதான இருந்தேன்" என்றாள். "நீதான் படிப்பேன்னு தெரிஞ்சுதான் எழுதுனேன். உன்னையத்தான் கேட்டேன்."